மன்னிக்கப்பட்ட ஷெரிஃபும் பாதியில் நின்ற சோதனையும்

எங்கள் மெஸ்கீட் கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃப் வெர்லின் டாகெட்டை அதிபர் மன்னித்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, எவரிஸ்டோ பாலோமாரெஸ் ஒரு வீட்டுக் கூரைமேல் ரிப்பேருக்கு வந்த கூலர் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். ஆகஸ்ட் மாத அரிசோனா வெயிலில் கூரையேறுகிறவனுக்கு அவ்வப்போது தலை சுற்றும். அன்றைக்குச் சுற்றியது வெயிலால் அல்ல.

தெருவில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்வலமாகப் போயின. வீட்டுக்காரம்மா வாசலுக்கு வந்து நெற்றியில் கைவைத்து மேலே பார்த்தாள்.

"எவரிஸ்டோ, ரேடியோல சொன்னாங்க. நம்ம ஷெரிஃப மன்னிச்சுட்டாங்களாம். இனிமே எல்லாம் பழையபடி ஆயிடும்."

"அப்படிங்களா மேடம்."

"நீ நல்ல ஆளு. நீ ஒண்ணும் பயப்பட வேணாம்."

பயப்பட வேண்டாம் என்று ஒருவர் தானாக வந்து சொன்னால் உடனே பயந்துவிடுவது எங்கள் ஊரில் நல்லது. எவரிஸ்டோ ஏணியில் இறங்கும்போது இரண்டு இடத்தில் கால் தவறியது.

ஷெரிஃப் டாகெட் செய்த குற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. ரோட்டில் போகிற வண்டியை மறிப்பார். ஓட்டுகிறவனின் முகம் சந்தேகத்துக்கு இடமான நிறத்தில் இருந்தால், இந்த நாட்டில் இருப்பதற்குக் காகிதம் இருக்கிறதா என்று கேட்பார். ஃபெடரல் நீதிபதி ஒருவர் அப்படிச் செய்யக்கூடாது என்று உத்தரவு போட்டார். ஷெரிஃப் சரி என்றார். சரி என்று சொன்ன பிறகு முன்னைவிட அதிகமாகச் செய்தார். நீதிபதிக்குக் கோபம் வந்து, இது நீதிமன்ற அவமதிப்பு, ஷெரிஃப் குற்றவாளி என்று தீர்ப்பெழுதினார். தண்டனை என்ன என்று சொல்வதற்குள் அதிபர் முந்திக்கொண்டார்.

அந்த வழக்கில் சாட்சி சொன்னவர்களில் ஒருவன்தான் எவரிஸ்டோ. அவன் இதே கவுண்டியில் பிறந்தவன், அவன் அப்பாவும் இங்கேதான் பிறந்தார். ஆனால் முகம் அதைச் சொல்லாது. ஒருநாள் உறவுக்காரக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு மனைவி ஒடிலியாவுடன் பிக்கப் வண்டியில் போய்க்கொண்டிருந்தான். ஒடிலியாவின் மடியில் ஒரு பானை பொசோலே என்கிற சோளசூப், அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில். ஷெரிஃபின் கீழ் வேலைபார்க்கும் டெபுடி ஒர்னெலாஸ் வண்டியை மறித்தான். ஒர்னெலாஸும் எங்களைப் போல மெக்சிகோ வழி வந்தவன்தான். ஆனால் தன் பெயரை வெள்ளைக்காரர்கள் சொல்கிற மாதிரியே சொல்லப் பழகிக்கொண்டவன். பின்விளக்கில் கீறல் விழுந்திருக்கிறது என்று எவரிஸ்டோவை இறக்கித் தார் ரோட்டில் குப்புறப் படுக்க வைத்தான். பிறகு மறுபக்கக் கதவை இழுத்துத் திறந்தான். பானை சாய்ந்து ஒடிலியாவின் தொடையெல்லாம் வெந்து போயிற்று. அவளிடம் காகிதம் கேட்குமுன் வயர்லெஸ்ஸில் வேறு அழைப்பு வந்தது. ஒர்னெலாஸ் அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டான்.

பெண் வெந்துபோனாள் என்று எழுதினால் வம்பு என்று, ஒர்னெலாஸ் ஓட்டுநர் தனியாகத்தான் வந்தார் என்று எழுதிக் கொடுத்தான். கோர்ட்டிலும் அதையே சத்தியம் செய்து சொன்னான். எவரிஸ்டோ தன் முறை வந்தபோது, இல்லை, பக்கத்தில் என் மனைவி இருந்தாள், அவள் வெந்து போனாள் என்று சொன்னான். சாட்சி சொன்னது உண்மை, டெபுடி சொன்னது பொய் என்று நீதிபதி எழுதினார். அந்தப் பெண் யார், அவளிடம் காகிதம் இருக்கிறதா என்று யாரும் கேட்கக்கூடாது என்றும் சேர்த்து எழுதினார். அந்த ஒரு வரியை நம்பித்தான் எவரிஸ்டோ இத்தனை நாளாகத் தூங்கினான்.

ஏனென்றால் ஒடிலியாவிடம் காகிதம் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே மெக்சிகோ எல்லையில் பாலைவனத்து வேலியைத் தாண்டி வந்தவள். குடிமகனைக் கட்டிக்கொண்டால் காகிதம் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் எங்கள் சட்டத்தைப் படித்ததில்லை. அவள் முதலில் வெளியே போய், பத்து வருஷம் அங்கே இருந்துவிட்டு, அப்புறம் உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டும். எவரிஸ்டோவுக்கு ஒடிலியா இல்லாமல் பத்து நாள்கூடத் தாங்காது. அவளைக் கேட்காமல் ஒரு டீக்கரண்டி எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்குச் சொல்லத் தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது ஒடிலியா சமையலறை ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டிருந்தாள்.

"கேள்விப்பட்டியா கிழவா?"

"கேள்விப்பட்டேன்."

"தனியாத்தான் போனேன்னு கோர்ட்டுல சொல்லுன்னு அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன்."

"சத்தியம் பண்ணிட்டு எப்படிடி பொய் சொல்றது?"

"அந்த டெபுடி சொன்னானே. அவனுக்கு என்ன நாக்கா அழுகிப்போச்சு? சம்பளம் கூடியிருக்கு."

"டூசான்ல உன் அக்கா வீட்டுக்கு..."

"வழியில செக்போஸ்ட் இருக்கு. தெக்க போனா வேலி. வடக்க போனா ஷெரிஃப் ஆளுங்க. நான் என்ன பறந்தா போவேன்?" அவள் சோள ரொட்டியைக் கல்லில் திருப்பினாள். "கைகழுவிட்டு வா. ஆறிப்போகும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. ஒடிலியா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். எவரிஸ்டோ கதவைத் திறந்தால், டெபுடி ஒர்னெலாஸ் சீருடையில் நிற்கிறான். கையில் துப்பாக்கி இல்லை. வெள்ளை அட்டைப்பெட்டி இருந்தது. எவரிஸ்டோவுக்குத் துப்பாக்கியே பரவாயில்லை என்று தோன்றியது.

"நேத்து கோர்ட் படிக்கட்டுல கேக் வெட்டினோம்," என்றான் ஒர்னெலாஸ். "மிச்சம் ஆயிடுச்சு. ஷெரிஃப் உங்களுக்குக் கொண்டுபோய்க் குடுக்கச் சொன்னாரு. அவருக்கு யார்மேலயும் கோபம் இல்ல."

பெட்டிக்குள் மஞ்சள் கிரீமில் ஷெரிஃப் நட்சத்திரம் போட்ட கேக் இருந்தது. இரண்டு துண்டு.

"நான் ஒருத்தன்தானே," என்று எவரிஸ்டோ சொல்ல வாயெடுத்தான்.

"உங்களுக்கு ஒண்ணு," என்றான் ஒர்னெலாஸ். இரண்டாவது யாருக்கு என்று சொல்லவில்லை. சுவரைப் பார்த்தான், குளியலறைக் கதவைப் பார்த்தான், கடைசியில் தன் பூட்ஸைப் பார்த்தான். "அப்புறம், அன்னைக்கு நம்ம சோதனை பாதியில நின்னு போச்சு இல்ல. நாளைக்குக் கவுண்டி வழக்கறிஞர் ஆபீஸுக்கு வந்துடுங்க. பயப்பட ஒண்ணும் இல்ல."

கவுண்டி அரசு வழக்கறிஞர் லோரெட்டா ஃபென்விக் அம்மையார் சட்டத்தைத் தவிர வேறு எதையும் கும்பிடாதவர். அவருடைய அறையில் ஏசி அப்படி ஓடியது. கூலர்க்காரனான எவரிஸ்டோவுக்கே பல் கிட்டித்தது. குளிராலா பயத்தாலா என்று அவனுக்கே தெரியவில்லை.

"உக்காருங்க மிஸ்டர் பாலோமாரெஸ். மன்னிப்புன்னா என்ன? நடந்தது நடக்காத மாதிரி. ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேங்க."

"நல்லது. அப்ப ஷெரிஃப் ஆபீஸ் எந்தத் தப்பும் செய்யல. தப்பு இல்லன்னா, அன்னைக்கு உங்க வண்டிய மறிச்சது சட்டப்படி சரி. சட்டப்படி மறிச்ச வண்டிய, 'நீங்க போகலாம்'னு டெபுடி சொன்ன பிறகுதான் எடுக்கணும். டெபுடி உங்ககிட்ட அப்படிச் சொன்னாரா?"

"இல்லைங்க. அவரு அவசரமாப் போயிட்டாரு."

"பாத்தீங்களா. அப்ப நீங்க இன்னும் மறிச்சு வச்ச நிலையிலதான் இருக்கீங்க. இத்தனை காலமும் அனுமதி இல்லாம வேலைக்குப் போயிருக்கீங்க, கடைக்குப் போயிருக்கீங்க, சர்ச்சுக்குப் போயிருக்கீங்க. அதுக்காக நாங்க வழக்குப் போடப் போறதில்ல. நாங்க கருணை உள்ளவங்க."

எவரிஸ்டோ நன்றி சொன்னான். எதற்கு என்று கேட்டால் அவனால் சொல்லியிருக்க முடியாது. அந்த அறையில் உட்கார்ந்தால் வாய் தானாக நன்றி சொல்லிவிடுகிறது.

"சனிக்கிழமை அதே இடத்துல, அதே வண்டியில, விட்ட இடத்துலேருந்து சோதனைய முடிச்சுடுவோம்," என்றார் அம்மையார்.

"அந்த வண்டிய வித்துட்டேங்க."

"கவுண்டி திருப்பி வாங்கிடுச்சு. வாங்கினவரு நீல பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தாரு. பழையபடி பச்சை அடிச்சாச்சு. பின்விளக்கு மட்டும்தான் பாக்கி. அது இப்ப நல்லா இருக்கு, அதக் கீறணும். எந்த எடத்துல எவ்வளவு கீறல்னு பாக்க ஒரு குழு போட்டிருக்கோம்." அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "வண்டியில கூட வந்தவங்களையும் கூட்டிட்டு வந்துடுங்க. நீங்களே சத்தியம் பண்ணிச் சொன்னீங்க. பக்கத்துல மனைவி இருந்தாங்கன்னு."

எவரிஸ்டோ நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். "அவங்களப் பத்திக் கேக்கக்கூடாதுன்னு ஜட்ஜ் உத்தரவு இருக்குங்களே."

"அந்த ஜட்ஜோட உத்தரவ மீறினதத்தானே மன்னிச்சிருக்கு. மீறினது தப்பில்லன்னா, உத்தரவு எங்க இருக்கு?"

எவரிஸ்டோ அந்த உத்தரவு எங்கே இருக்கிறது என்று தேடுகிறவன் போல அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"வீட்டுக்கு வந்து பிடிச்சுட்டுப் போவீங்களா?"

அம்மையாருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன பேச்சு இது? வாரண்ட் இல்லாம ஒருத்தர் வீட்டுக்குள்ள நாங்க கால் வைக்க மாட்டோம். வாரண்ட்டுக்கு ஒரு காரணம் வேணும். அவங்களா வந்து சீட்டுல உக்காந்து கேட்டதுக்குப் பதில் சொல்லணும். சொல்லலன்னா, சோதனைக்கு ஒத்துழைக்காத ஆள்னு ஆயிடும். அதுதான் காரணம். எல்லாம் முறைப்படி நடக்கும். அந்த விஷயத்துல நீங்க கவலையே படவேண்டாம்."

வெளியே வந்ததும் ஃபீனிக்ஸில் இருக்கும் வழக்கறிஞர் மிஸ் ஆஷ்வொர்த்துக்குப் போன் போட்டான். உண்மை பேசுகிறவனைச் சட்டம் கைவிடாது என்று சொல்லி அவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவர் அவர்தான். அவன் சொன்னதைக் கேட்டு அவருக்கு மூச்சு வாங்கியது.

"மிஸ்டர் பாலோமாரெஸ், இது ரொம்ப சுவாரஸ்யமான சட்டப் பிரச்சினை. இந்த மாதிரி ஒரு வாதத்த யாருமே வச்சதில்ல. அபத்தம். அற்புதமான அபத்தம். நாம இத உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டு போகலாம். சட்டக் கல்லூரியில உங்க பேரச் சொல்லிப் பாடம் நடத்துவாங்க."

"அது முடியற வரைக்கும் என் பொண்டாட்டி எங்க இருப்பா?"

"அது தனி மனு," என்றார் மிஸ் ஆஷ்வொர்த்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒடிலியா நல்ல கவுனை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இது?"

"நானும் வர்றேன்."

"பைத்தியமா உனக்கு?"

"எத்தனை நாளைக்குப் போர்வைக்குப் பின்னால சமைக்கிறது? வந்து உக்காருறேன். கேக்கட்டும். வேலி தாண்டித்தான் வந்தேன், என்ன இப்போன்னு சொல்றேன்."

"சொன்னா அங்கேயே வேன்ல ஏத்திருவான். நான் குப்புறப் படுத்துக்கிட்டு நீ போறதப் பாக்கணுமா?"

அவன் குரல் உடைந்துவிட்டது. ஒடிலியா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். குவாடலூப்பே மாதா படத்தின்மேல் கையை வைக்கச் சொல்லி, வீட்டைவிட்டு வெளியே வரமாட்டேன் என்று சத்தியம் வாங்கினான். அவள் கையை வைத்தாள். ஆனாலும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அவளை அவனுக்குத் தெரியும். ஒருமுறை அவன் கூரையிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வெளியே போகாதே, அடையாள அட்டை கேட்பார்கள் என்று எல்லாரும் தடுத்தும், தூக்குவாளியில் சூப்போடு வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தவள். அட்டை கேட்டவர்களிடம், "உள்ள இருக்கறவன்தான் என் அட்டை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள். அந்தக் காலத்தில் அவனுக்கு அது பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் பயமாக இருந்தது.

சனிக்கிழமை அந்த நெடுஞ்சாலை ஓரம் திருவிழாவாக இருந்தது. நிழலுக்குப் பந்தல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பேண்டு, எலுமிச்சை ஜூஸ் கடை. ஷெரிஃபின் தன்னார்வக் குதிரைப்படை வரிசையாக நின்றது. ஓய்வுபெற்ற பல் டாக்டர்களும் வீட்டுமனைத் தரகர்களும் இடுப்பில் துப்பாக்கியோடு குதிரைமேல் உட்கார்ந்து நாட்டைக் காப்பாற்றுகிற படை அது. ஒரு குதிரை மட்டும் அலுத்துப் போய்த் தரகரோடு சேர்ந்து நிழலுக்கு நகர்ந்துவிட்டது.

பச்சை வண்டி ரோட்டோரம் நின்றது. குழுவின் ஆள் ஒருவர் சின்னச் சுத்தியலால் பின்விளக்கைத் தட்டினார். பழைய போட்டோவை வைத்துப் பார்த்தார். திருப்தி இல்லாமல் இன்னொரு தட்டு தட்டினார். கூட்டம் கைதட்டியது.

"படுங்க," என்றான் ஒர்னெலாஸ்.

எவரிஸ்டோ படுக்கப் போனான். ஃபென்விக் அம்மையார் கையைக் காட்டித் தடுத்தார். தாரில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததில் அன்றைக்கு இருந்த சூடு இன்னும் வரவில்லையாம். எல்லாரும் காத்திருந்தார்கள். பேண்டு ஒரு பாட்டு வாசித்தது. சூடு வந்ததும் அவனைப் படுக்க வைத்தார்கள். கன்னம் தாரில் பட்டது. கூட்டத்தின் கால்களுக்கு நடுவே ஒடிலியாவின் பழைய செருப்பு தெரிந்துவிடுமோ என்று ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

"கூட வந்தவங்க எங்க?" என்றார் அம்மையார்.

"வரலைங்க," என்றான் தரையிலிருந்து.

"எதிர்பார்த்ததுதான். பதிலியக் கொண்டு வாங்க."

தீயணைப்பு நிலையத்தில் பயிற்சிக்கு வைத்திருக்கும் பொம்மையைத் தூக்கி வந்தார்கள். தலையில் ஒரு சால்வையைச் சுற்றிப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, மடியில் ஒரு பானையையும் வைத்தார்கள். பொசோலேவை எப்படிச் செய்வது என்று கவுண்டி அலுவலகத்தில் யாருக்கும் தெரியாததால் டின் சோளசூப் ஊற்றியிருந்தார்கள்.

ஷெரிஃப் டாகெட் மைக்கைப் பிடித்தார். எண்பது வயதிலும் தொப்பி கோணாத மனிதர்.

"நண்பர்களே, நான் எந்தத் தப்பும் செய்யல. செய்யாத தப்புக்காக என்னை மன்னிச்ச அதிபருக்கு என் நன்றி. எனக்கு எந்த இனத்துமேலயும் வெறுப்பு கிடையாது. எங்க வீட்டுத் தோட்டக்காரன நான் ஒரு தடவகூட மறிச்சதில்ல. அவன்கிட்ட வண்டி கிடையாது. அந்த ஜட்ஜ் என்கிட்டக் கேட்டாரு, ஆளப் பாக்கறதுக்கு முன்னாடியே அவன் குற்றவாளின்னு எப்படி முடிவு பண்றீங்கன்னு. நான் சொன்னேன், ஐயா, அபாண்டமாச் சொல்லாதீங்க, ஆளப் பாத்த பிறகுதான் முடிவு பண்றேன்."

கூட்டம் ஆரவாரித்தது. ஷெரிஃப் குனிந்து தரையைப் பார்த்தார். "சௌகரியமா இருக்கியா நண்பா, அமீகோ?"

"இருக்கேங்க," என்றான் எவரிஸ்டோ.

ஒர்னெலாஸ் மறுபக்கக் கதவைத் திறந்தான். பானை சாய்ந்து சூப் பொம்மையின் தொடையில் கொட்டியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பொம்மையும் எதுவும் சொல்லவில்லை.

"காகிதம் காட்டுங்க," என்றான் ஒர்னெலாஸ் பொம்மையிடம். பதில் இல்லை. "ஸ்பானிஷ்ல கேளுப்பா," என்றார் ஷெரிஃப். ஒர்னெலாஸ் தன் அம்மாவிடம் மட்டும் பேசுகிற ஸ்பானிஷில், யாருக்கும் கேட்காத மாதிரி மெதுவாகக் கேட்டான். அப்போதும் பதில் இல்லை.

"பதில் சொல்ல மறுப்பு," என்று ஃபென்விக் அம்மையார் அறிவித்தார்.

"அது பொம்மைங்க," என்றான் எவரிஸ்டோ.

"பொம்மை யாருக்குப் பதிலா உக்காந்திருக்கோ, அவங்க மறுத்ததாத்தான் அர்த்தம். இது போதும்."

அவர் பந்தலைப் பார்த்தார். அங்கே ஒரு மாஜிஸ்திரேட் ஒரு கையில் ஜூஸும் மறு கையில் பேனாவுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தார். மூடிய வேன் ஒன்றின் எஞ்சின் உறுமியது. வேனின் மூக்கு எவரிஸ்டோவின் தெருப்பக்கம் திரும்பியிருந்தது. ஒடிலியா இந்நேரம் அடுப்படியில் நிற்பாள். போர்வைக்குப் பின்னால், கதவு தட்டும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். பேனா கீழே இறங்குவதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும். என்ன சொல்வது என்று யோசிக்க நேரமில்லை. நல்லவேளையாக அவன் மனைவி அதைப் பலமுறை சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"யாரும் இல்ல," என்று கத்திக்கொண்டு எழுந்து நின்றான். "அன்னைக்கு வண்டியில நான் மட்டும்தான் இருந்தேன். கோர்ட்டுல நான் சொன்னது பொய்."

பேண்டு நின்றது. மாஜிஸ்திரேட்டின் பேனா அந்தரத்தில் நின்றது.

"யோசிச்சுப் பேசுங்க மிஸ்டர் பாலோமாரெஸ்," என்றார் அம்மையார். "சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னீங்கன்னு ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன். டெபுடி எழுதினதுதான் நிஜம். தனியாத்தான் வந்தேன்."

அம்மையார் ஒர்னெலாஸ் பக்கம் திரும்பினார். "டெபுடி, அன்னைக்கு இந்த வண்டியில வேற யாராவது இருந்தாங்களா?"

ஒர்னெலாஸுக்குத் தெரியும். அவன் கண்ணால் பார்த்தவன், அந்தப் பெண் அலறியதைக் காதால் கேட்டவன். இருந்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேன் கிளம்பிவிடும். ஆனால் இருந்தாள் என்றால் அவன் அன்றைக்குச் சத்தியம் செய்து சொன்னது பொய்யாகிவிடும். அதிபர் மன்னித்தது ஷெரிஃபை மட்டும்தான். டெபுடிகளை மன்னிக்க அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஒர்னெலாஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மறுபடி போட்டான், மறுபடி கழற்றினான்.

"இல்ல மேடம்," என்றான். "தனியாத்தான் வந்தாரு. அப்பவே எழுதிக் குடுத்தேன். யாருமே என்னை நம்பல."

கடைசி வரியைச் சொல்லும்போது அவனுக்கே தன்மேல் இரக்கம் பொங்கிக் கண் கலங்கிவிட்டது.

குதிரைப்படை தொப்பியைத் தூக்கி வீசியது. நம் டெபுடி பொய் சொல்லவில்லை, நம் ஷெரிஃப்மேல் வீண்பழி விழுந்தது, கோர்ட்டுதான் முட்டாளானது என்று கூட்டத்துக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பொம்மையை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஒரு பெண்ணைப் பிடிப்பதைவிடத் தாங்கள் சொன்னது சரி என்று ஆவது அவர்களுக்கு இனித்தது. வேனின் எஞ்சின் நின்றது. பொம்மையை இருவர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் போனார்கள்.

ஒர்னெலாஸ் எவரிஸ்டோவிடம் வந்து, அத்தனை நாள் பாக்கி வைத்திருந்ததை முறையாகச் சொன்னான். "சோதனை முடிஞ்சுது. நீங்க போகலாம்."

எவரிஸ்டோ ஒரு அடி எடுத்து வைத்ததும் இன்னொரு டெபுடி அவன் கையைப் பின்னால் முறுக்கி விலங்கு மாட்டினான். பொய்ச்சாட்சி சொன்ன குற்றம்.

"ஐயா," என்றான் ஷெரிஃபைப் பார்த்து. "என்னையும் மன்னிச்சு விட்டுடுங்க. ஒரு தடவதான்."

ஷெரிஃப் வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டு மைக்கைத் திரும்ப வாங்கினார். "எனக்கு மனசு இருக்கு தம்பி. ஆனா சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்றவன மன்னிச்சா, சட்டத்துக்கு என்ன மரியாதை? நாளைக்கு ஆளாளுக்கு வந்து வரிசையில நிப்பாங்க. தப்பு செஞ்சவனுக்கு மன்னிப்புக் குடுக்கக்கூடாது. மன்னிப்பெல்லாம் தப்பே செய்யாதவங்களுக்குத்தான் குடுக்கணும்."

இதற்கும் கைதட்டினார்கள்.

கவுண்டி சிறையில் புதுக் கைதிகளைப் பதிவு செய்கிற இடத்தில் ஒரு பெண் சூயிங்கம் மென்றபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கெட்டவள் அல்ல. எவரிஸ்டோவின் கன்னத்தில் தார் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு காகிதத் துண்டை எடுத்து நீட்டினாள். விலங்கு போட்ட கையால் துடைக்க வரவில்லை. அவளே எழுந்து வந்து துடைத்துவிட்டாள்.

"பொறந்த ஊரு?"

"இங்கதான்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல."

அவள் தட்டினாள். "வீட்டுல வேற யாராவது இருக்காங்களா? நீ இங்க இருக்கேன்னு போன் பண்ணிச் சொல்லணும்னா சொல்லலாம். எல்லா போனும் இங்க ரெக்கார்டு ஆகும், அத மட்டும் ஞாபகம் வச்சுக்க."

"யாரும் இல்ல."

"யாருமே இல்லையா? பாவம்." அவள் உண்மையாகவே அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். "சாப்பாடு கீப்பாடு எடுத்துட்டு, உன்னத் தேடிட்டு யாராவது வருவாங்களா? வர்றவங்க அடையாள அட்டை கொண்டு வரணும். முன்னாடியே பேரு எழுதிக்கணும்."

எவரிஸ்டோ சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். அவன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. அவள் இந்நேரம் போர்வையை விலக்கி இரண்டு தடவை தெருவைப் பார்த்திருப்பாள். மூன்றாவது தடவை பார்க்க மாட்டாள். செருப்பைத் தேடுவாள்.

"யாரும் வரமாட்டாங்க," என்றான்.

அன்றைக்கு அவன் பொய்யாகத்தான் சொன்னான் எல்லாவற்றையும். இது ஒன்றாவது உண்மையாகிவிட வேண்டுமே என்று வாசல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.